எந்த ஜெல் பவுடர்?

கல்லூரி ஆய்வகங்களின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'ஜெல் பவுடர்' என்று ஒரு பதிவைப் பார்க்கலாம். உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், தடய அறிவியல் என்று எந்தத் துறையானாலும் இந்தப் பொருள் இல்லாமல் ஒரு செமஸ்டர் நகராது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைகளுக்குள் இரண்டு வெவ்வேறு தூள்கள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் வெள்ளை. இரண்டுக்கும் வாசனை கிடையாது. இரண்டும் மூடி திருகும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வருகின்றன. ஒன்றின் பெயர் அகரோஸ். மற்றதன் பெயர் அக்ரிலமைட்.

முதலாவது கடல்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அதன் தாய்ப்பொருளான அகர் அகரைத்தான் நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்து, துண்டு போட்டுச் சாப்பிடுகிறார்கள். மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாவது, தோலில் பட்டாலே உடம்புக்குள் போய் நரம்புகளைத் தாக்கக்கூடியது. இந்த இரண்டும் பல ஆய்வகங்களில் ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. காரணம் எளிமையானது: ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கினால் இரண்டும் முதல் தட்டில்தான் வரும்.

ஜெல் என்றால் என்ன, அது எதற்கு என்று கேட்கும் வாசகர்களுக்காக ஒரு சின்ன வரலாறு. 1880-களின் தொடக்கத்தில் பெர்லினில் ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கப் போராடிக்கொண்டிருந்தார். அதற்கு இறுகிய ஒரு பரப்பு தேவை. ஜெலட்டினைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உடல் சூட்டில் அது உருகிவிட்டது. சில கிருமிகள் அதைத் தின்றே தீர்த்துவிட்டன. கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான் அகர் அகரைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர்கள் மூலம் அவர் அறிந்த சமையல் சரக்கு அது. கோடைக் காலத்திலும் அவர் செய்த ஜெல்லி உருகாமல் நின்றது. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோக் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் இடம்பெறவில்லை. சமையலறையிலிருந்து ஆய்வகத்துக்கு வரும் பொருள்களுக்கு நேர்கிற வழக்கமான மரியாதை.

அகரிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்தால் கிடைப்பது அகரோஸ். இந்தியாவில் அகர் தரும் பாசிக்குப் பெயர்போன இடம் மன்னார் வளைகுடா. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் முகத்தில் கண்ணாடியும் விரல்களில் துணிச்சுற்றுமாக மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அகர் எடுக்கப் பயன்படும் நல்ல ரகங்களில் ஒன்று. அகரோஸ் தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கடல்பாசி இனிப்புப் போலவே இறுகும். அதில் சின்னக் குழிகள் வைத்து, டி.என்.ஏ. கரைசலை விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் சிறிய துண்டுகள் வேகமாகவும் பெரியவை மெதுவாகவும் நகரும். ஒருவருடைய டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்க்கும் கலை இதிலிருந்து தொடங்குகிறது. ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்று அழைக்கப்படும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் 1980-களின் இறுதியில் இந்தியாவுக்கென உருவாக்கிய டி.என்.ஏ. ரேகைச் சோதனையும் இந்த வழியில் வந்ததுதான். 1989-இல் கேரளத்தில் ஒரு தந்தைமை வழக்கிலும், 1991-இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் அந்த மையத்தின் சோதனை முடிவுகள் உதவின.

அகரோஸ் சாதுவான தூள். அதைக் கெடுப்பது ஈரம். மழைக்காலத்தில் மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் கட்டி தட்டும்; கட்டி தட்டிய தூளை எடை போட்டால் அதில் எவ்வளவு அகரோஸ், எவ்வளவு தண்ணீர் என்பது தெரியாது; சோதனை பொய்யாகும். இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். ஆபத்து தூளில் கிடையாது, அதைக் காய்ச்சுவதில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பில் கரைசல் அமைதியாக இருப்பதுபோல் தோன்றும். குடுவையைக் கையில் எடுத்து ஆட்டிய கணத்தில் பொங்கிச் சீறி முகத்தில் அடிக்கும். கூழ் போன்ற திரவம் ஆதலால் வெந்நீர் போல வழிந்து ஓடாது. தோலிலேயே ஒட்டிக்கொண்டு சுடும். குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாமல், மூடியைத் தளர்த்தி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, சிறிது நேரம் பொறுத்துத் துணிக் கையுறையோடு எடுப்பது நல்லது. பால் பொங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர அதிக நேரம் ஆகாது.

இனி இரண்டாவது டப்பா.

அக்ரிலமைட்டைக் கொண்டும் ஜெல் செய்யலாம். புரதங்களைப் பிரித்துப் பார்க்க அதுதான் வசதி. அகரோஸைவிட நுண்ணிய வலை கிடைக்கும். ஆனால் அகரோஸ் போல இது காய்ச்சி ஆறவைக்கும் சமாச்சாரம் அல்ல. பாலில் உறைமோர் விட்டதுபோல, அக்ரிலமைட் கரைசலில் அமோனியம் பெர்சல்பேட், டெமெட் என்று இரண்டு பொருள்களைச் சேர்த்தால், தனித்தனியாக மிதந்த மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலிகளாகி இறுகிவிடும். இறுகிய பொருளுக்குப் பெயர் பாலி அக்ரிலமைட். அது ஏறக்குறைய சாது. குடிநீர் சுத்திகரிப்பில் கலங்கலைப் படியவைக்கக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். அதில் சங்கிலியில் சேராமல் எஞ்சி நிற்கும் அக்ரிலமைட் குடிநீரில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் வரம்பு ஒரு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. டப்பாவில் இருப்பதோ 500 கிராம், சங்கிலியில் சேராத, தூய அக்ரிலமைட்.

அது என்ன செய்யும்? தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போகும். முதலில் நரம்புகளின் கடைக்கோடிகளைத் தாக்கும். அடிக்கடி படும் கைகளில் தோல் சிவந்து உரியும், உள்ளங்கை அளவுக்கு மீறி வியர்க்கும், விரல்கள் மரத்துப்போகும், கால்கள் சொன்னபடி கேட்காமல் நடை தள்ளாடும். ஒருநாள் பட்டது மறுநாள் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே வந்தால் வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1994-இல் இதை 'மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வகையில் சேர்த்தது. பரம்பரைக் கூறுகளைப் பாதிக்கக்கூடியது, ஆண்களின் கருவளத்தைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கைகளும் இதன் பாதுகாப்பு ஏட்டில் உண்டு.

இது வெறும் ஏட்டு எச்சரிக்கை அல்ல என்பதற்கு ஸ்வீடன் நாட்டில் ஓர் உதாரணம் இருக்கிறது. அந்த நாட்டின் தென்பகுதியில் ஹாலந்ஸோஸ் என்ற மலைமுகட்டைக் குடைந்து ரயில் சுரங்கப்பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றெடுத்துக் கொட்டியது. கசிவை அடைக்க அக்ரிலமைட் அடங்கிய ஒரு கலவையைப் பாறை வெடிப்புகளுக்குள் செலுத்தினார்கள். அது இறுக வேண்டிய அளவுக்கு இறுகவில்லை. 1997 இலையுதிர்காலத்தில் ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன; அந்தத் தண்ணீரைக் குடித்த பசுக்கள் எழுந்து நிற்க முடியாமல் விழுந்தன; சுரங்கத் தொழிலாளர்கள் சிலருக்குக் கை கால் மரத்துப்போனது. வேலை நின்றது. அந்தச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 2015 டிசம்பரில்தான்.

கதை அங்கே முடியவில்லை. தொழிலாளர்களின் ரத்தத்தில் அக்ரிலமைட்டின் தடயத்தைத் தேடிய விஞ்ஞானிகள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். அதிலும் தடயம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று துருவிப் போனதில் வறுத்த உருளைக்கிழங்கில் போய் நின்றது. மாவுப் பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போதும் சுடும்போதும் அக்ரிலமைட் தானாகவே சிறிதளவு உண்டாகிறது என்ற செய்தி 2002 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமிலிருந்து வெளியாகி உலகத்தைக் கலக்கியது. சிப்ஸில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. அதைப் பற்றி உலகமெங்கும் தலைப்புச் செய்தி வந்தது. ஆய்வக அலமாரியில் அரை கிலோ டப்பாவில் இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்தியாவில் ஏன் இன்னும் தூளாகவே வாங்குகிறார்கள்? கரைசலாகவே தயாரித்து விற்கிறார்கள். ஜெல்லாகவே வார்த்து, அப்படியே மாட்டிப் பயன்படுத்தும்படியும் விற்கிறார்கள். இரண்டிலும் தூளைத் தொடும் வேலை இல்லை. ஆனால் விலை அதிகம். தூள் மலிவு, நெடுநாள் வரும். மானியப் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் துறைத் தலைவர் தூளுக்குத்தான் கையெழுத்துப் போடுவார். அந்தச் சிக்கனத்தின் மீதித் தொகையைக் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி.

தூளை நிறுக்கும் இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தராசு நுணுக்கமானது, மூச்சு விட்டாலே எண் மாறும். மேலே மின்விசிறி ஓடுகிறது. விசிறியை நிறுத்தினால் மே மாதத்தில் அந்த அறையில் நிற்க முடியாது. நிறுத்தாவிட்டால் தூள் பறக்கும். மாணவி ஸ்பூனால் அள்ளுகிறாள். ஒரு சிட்டிகை மேசையில் சிந்துகிறது. உப்பைத் தட்டுவதுபோலக் கையால் தட்டிவிடுகிறாள். அதே மேசையில் அடுத்தவன் நோட்டுப் புத்தகத்தை வைக்கிறான். மாலையில் துப்புரவுத் தொழிலாளி உலர்ந்த துணியால் துடைக்கிறார். காலையில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவ வருபவர் வெறும் கையால் அலசுகிறார். இந்த நான்கு பேரில் டப்பாவின் லேபிளைப் படித்தவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

இதைவிட மோசமானது காலி டப்பா. நம் நாட்டில் நல்ல பிளாஸ்டிக் டப்பாவை யாரும் குப்பையில் போடுவதில்லை. வாய் அகலம், மூடி இறுக்கம், எறும்பு ஏறாது. கழுவிக் கவிழ்த்தால் சர்க்கரைக்கோ உளுந்துக்கோ ஆகும். ஆய்வகத்துக் காலி டப்பா வீட்டுக்குப் போவது திருட்டாகக்கூடக் கருதப்படுவதில்லை. அதேபோல ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் கரைசல் பாட்டிலுக்குப் பக்கத்தில் தேநீருக்கான பால் பாக்கெட்டும் யாரோ ஒருவரின் சாப்பாட்டு டப்பாவும் இருப்பது நாம் அறியாத காட்சியல்ல.

பெங்களூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் தோழி சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். அக்ரிலமைட்டின் பாதுகாப்பு ஏட்டைத் தமிழில் தர வேண்டும். அவருடைய ஆய்வகத்தில் பாத்திரம் கழுவுபவர்களிலும் கூட்டிப் பெருக்குபவர்களிலும் பலர் தமிழ் பேசுபவர்கள். கன்னடத்தில் இன்னொருவர் எழுதிக்கொண்டிருந்தார். கதை, கட்டுரை, அரசாங்க அறிக்கை என்று பலதும் மொழிபெயர்த்த அனுபவத்தில், இது ஒரு மாலை நேரத்து வேலை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆயிற்று.

முதல் தடை ஒரு சிறிய விகுதி. ஆங்கில ஏட்டில் 'புற்றுநோய் உண்டாக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி. தமிழில் 'லாம்' என்பதற்கு இரண்டு வேலை. 'மழை வரலாம்' என்றால் ஊகம். 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி. இரண்டிலும் ஓர் இளக்காரமான தொனி உண்டு. வராமலும் போகலாம் என்ற ஆறுதல் அதற்குள்ளேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும் அம்மா அதைப் படித்தால் 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பார். கடைசியில் 'புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு' என்று எழுதினேன்.

அடுத்தது செயப்பாட்டுவினை. 'தோலுடனான தொடர்பு தவிர்க்கப்பட வேண்டும்' என்பது இலக்கணப்படி குற்றமற்ற வாக்கியம். ஆனால் யார் தவிர்க்க வேண்டும்? அரசாங்கத் தமிழில் எல்லாம் தானாகவே தவிர்க்கப்படும், மேற்கொள்ளப்படும், உறுதி செய்யப்படும். ஆள் இல்லாத அந்த வாக்கியத்தில் பொறுப்பும் இல்லை. 'உங்கள் கையில் படக்கூடாது' என்றால் படிப்பவர் தன் கையைப் பார்ப்பார்.

மூன்றாவது 'நரம்பு நச்சு'. கலைச்சொல் அகராதிக்கு அது சரி. படிப்பவருக்கோ 'விஷம்' என்றால் குடித்தால் நுரை தள்ளிச் சாவது. நேற்று தொட்டேன், இன்று நன்றாக இருக்கிறேன், ஆகவே இது விஷம் இல்லை என்பது அவருடைய தர்க்கம். அந்தத் தர்க்கத்தில் தவறும் இல்லை. அவர் அறிந்த விஷங்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆகவே கலைச்சொல்லை விட்டுவிட்டு, நடப்பதைச் சொல்ல வேண்டியிருந்தது: 'உடனே ஒன்றும் தெரியாது. நாள்பட விரல் மரத்துப்போகும், உள்ளங்கைத் தோல் உரியும், நடை தடுமாறும்.'

'குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற வரி இன்னொரு சங்கடம். ஐரோப்பாவில் எழுதும் ஏட்டில் 'அறை வெப்பநிலை' என்றால் 20-லிருந்து 25 டிகிரி. நாக்பூரில் மே மாதத்தில் பூட்டிய ஸ்டோர் ரூம் எத்தனை டிகிரி இருக்கும்? மும்பையில் ஜூலை மாதத்தில் உலர்ந்த இடம் எது? அக்ரிலமைட் தூள் சுமார் 84 டிகிரியில் உருகும். உருகினால் கட்டுக்கடங்காமல் சங்கிலி கோக்கத் தொடங்கி, சூட்டைக் கக்கி, மூடிய பாத்திரத்தை வெடிக்கவும் வைக்கும். நம் வெயில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் ஜன்னலோரத்து வெயிலும், அடுப்புக்கும் ஸ்டெரிலைசருக்கும் பக்கத்து அலமாரியும் அதற்கு ஆகாது. புற ஊதா ஒளியும் அந்தச் சங்கிலியைத் தொடங்கிவைக்கும். இந்தியாவுக்கென எழுதும்போது 'ஜன்னல் பக்கம் வேண்டாம், அடுப்புப் பக்கம் வேண்டாம், மழைச்சாரல் படும் சுவர் வேண்டாம்' என்று இடத்தைச் சுட்டித்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. பூச்சிமருந்துப் பாட்டிலைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள்படி அதன் லேபிளும் உள்ளே வைக்கும் துண்டுக் காகிதமும் இந்தி, ஆங்கிலத்தோடு அந்தந்தப் பகுதியின் மொழியிலும் இருக்க வேண்டும். எவ்வளவு கொடியது என்பதைக் காட்ட சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறங்களில் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் சிவப்பு என்றால் என்ன என்று தெரியும். அந்த விதி எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்பது வேறு விஷயம். விதி என்று ஒன்றாவது இருக்கிறது.

ரசாயனங்களுக்கும் விதி வந்தது, ஆனால் போபாலுக்குப் பிறகு. 1984 டிசம்பர் இரவில் அந்த நகரத்து மக்கள் எந்த வாயுவைச் சுவாசிக்கிறோம் என்று தெரியாமலேயே செத்தார்கள். 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று எழுதப்பட்டது. 1989-இல் அபாயகர ரசாயனங்களுக்கான விதிகள் வந்தன. பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, அதன் நச்சுத்தன்மை என்ன என்பதை அதன்மேல் எழுதவேண்டும் என்றன. ஆனால் இவை எல்லாமே தொழிற்சாலையையும் பெரிய கிடங்குகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கல்லூரி ஆய்வகத்தின் கதவைத் தட்டித் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதில்லை. அங்கே துறைத் தலைவரின் மனசாட்சிதான் இன்ஸ்பெக்டர்.

மனசாட்சி ஓய்வு பெற்றுப் போனால் என்ன ஆகும் என்பதை 2010-இல் டெல்லி பார்த்தது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவி பழைய சாமான்களோடு ஏலத்துக்குப் போயிற்று. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் கடையில் அதைப் பிரித்தார்கள். பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள். அந்த ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். அக்ரிலமைட் கோபால்ட் அல்ல; ஊரையே கூட்டிச் செய்தியாகாது. ஆனால் மறந்துபோன அலமாரி, பெயர் அழிந்த பாத்திரம், கடைசியில் அதைத் தொடும் ஆளுக்கு ஒன்றும் தெரியாமை என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முடிந்தால் தூளை வாங்காமல் கரைசலாக வாங்குங்கள். தூள்தான் என்றால், ஒரு செமஸ்டருக்கு வேண்டிய சிறிய டப்பாவாக வாங்குங்கள். அகரவரிசையை மறந்துவிட்டு, நச்சுப் பொருள்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். எந்த வெப்பநிலையில் வைப்பது என்பதை டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே வைத்தால்தான் உள்ளே ஈரம் பூக்காது. ஒன்றாகப் பயன்படுத்துகிறோம் என்பதற்காக அமோனியம் பெர்சல்பேட்டை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றை எரியத் தூண்டும் ரகம் அது, அக்ரிலமைட்டுக்கு ஆகாது. டெமெட் தீப்பிடிக்கும் திரவம். அதற்கும் தனி இடம் வேண்டும்.

நிறுப்பதை உறிஞ்சுகூண்டுக்குள் செய்ய வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை மேலங்கி வேண்டும். கையுறையில் பட்டுவிட்டால் உடனே கழற்றி வேறு போட வேண்டும். கையுறையும் ஓரளவு நேரத்துக்குத்தான் தாங்கும். ஒரு டப்பா முழுவதையும் ஒரே தடவையில் கரைத்துப் பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில், 4 டிகிரியில் வைத்தால், சில மாதங்களுக்குத் தூளைத் திறக்கும் வேலையே இருக்காது. பாட்டிலில் கரைத்த தேதியை எழுதுங்கள். இறுகிய ஜெல்லையும் வெறும் கையால் தொடாதீர்கள். சங்கிலியில் சேராத மிச்சம் அதில் இருக்கும்.

சிந்தினால் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. ஈரமான தாளால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி, ரசாயனக் கழிவில் சேர்க்க வேண்டும். மீந்த கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் சிறிது சிறிதாக உறையவைத்துக் கழிவில் போட வேண்டும். நிறைய அளவை ஒரேயடியாக உறையவைத்தால் கொதித்துப் பொங்கும். தோலில் பட்டால் உடையைக் கழற்றிவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் தண்ணீர் விட்டு அலசிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது டப்பாவின் லேபிளையும் எடுத்துப் போக வேண்டும். 'ஏதோ வெள்ளைத் தூள்' என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. காலி டப்பாவைக் குத்திக் கிழித்த பிறகே வெளியே போடுங்கள்.

இவ்வளவையும் சுவரில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பாதுகாப்பு ஏட்டின் மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு தோழி கேட்டது, டப்பாவின் மேலேயே ஒட்டக்கூடிய அளவில் ஒன்று. மண்டையோட்டுப் படத்துக்குக் கீழே ஒட்டுவதற்காக ஐந்து வரிகள் எழுதிக் கொடுத்தேன். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்:

அக்ரிலமைட். இது அகரோஸ் அல்ல.
வெறும் கையால் தொடாதீர்கள். மூச்சில் போகவிடாதீர்கள்.
உடனே ஒன்றும் தெரியாது. நாள்பட நரம்பு கெடும், புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு.
கொட்டிவிட்டால் பெருக்காதீர்கள், ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.
காலி டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஹைதராபாத்தில் தெலுங்கிலும் உருதுவிலும், புனேயில் மராத்தியிலும், கொல்கத்தாவில் வங்காளத்திலும் இதை எழுத அந்தந்த ஊரில் ஆள் இருக்கிறது. ஆய்வகத்திலேயே இரண்டு மொழி தெரிந்த மாணவர்கள் நிறையப் பேர் உண்டு; அவர்களிடமே கொடுக்கலாம். எழுதியதைப் பாத்திரம் கழுவுபவரிடம் ஒருமுறை படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'ஜெல் பவுடர்' என்ற பதிவையும் அடித்துவிட்டு, எந்த ஜெல் பவுடர் என்று முழுப்பெயரை எழுதிவிடுங்கள். அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.